முன் அனுபவம்: இல்லை

பாளையங்கோட்டை
8 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் நான் இங்கு சுகமாயிருக்கிறேன். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? பிள்ளை எஸ்றாவுக்கு ராய்ப்பூர் விடுதிச் சாப்பாடு பழகிவிட்டதா? உன் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. ஞாயிறு ஆராதனையில் மாமிக்காக ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

“சமாதானபுரத்தில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய்? பிலாய்க்கு வந்து மாமிக்குத் துணையாக இரு. நான் நிம்மதியாக ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போவேன்” என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், பிறகு அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது காலையில் டியூஷன் பிள்ளைகள், சாயந்தரம் பீடிக்காரத் தெருவில் அறிவொளி வகுப்பு. எழுத்தறிவு இயக்கம் முடிந்து மூன்று வருஷமாகியும் அந்த வகுப்பை மட்டும் நான் விடவில்லை என்பது உனக்குத் தெரியும்.

பெண்கள் விடுதி ஒன்றில் உதவிக் காப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை.

இன்னொரு செய்தி. பல்கலைக்கழகத்துத் தொடர்கல்வித் துறையில், அறிவொளியில் உழைத்த தொண்டர்களுக்கென்று ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று தொடங்குகிறார்கள். சனி, ஞாயிறு பிற்பகலில் வகுப்பு. நான் பெயர் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே.

வருகிற ஜூன் பத்தொன்பதாம் தேதி எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கப்புறம் எந்த வேலைக்கும் என் விண்ணப்பத்தை வாங்கமாட்டார்கள். அதனால் ஒரு கெடு வைத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். பிறகு திரும்புகிற பேச்சே இல்லை.

அத்தானுக்கும் மாமிக்கும் என் அன்பைச் சொல்.

உன் தங்கை,
பெர்சிஸ்

*

பிலாய்
22 செப்டம்பர் 1996

அன்புத் தங்கை பெர்சிஸுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாங்கள் எல்லாரும் சுகம். சுகம் என்று எழுதக் கை பழகிவிட்டது. உண்மையில் மாமியைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். உன் அத்தான் ஷிப்ட் போய்விட்டால் நான் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் நாற்பது நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் நாற்பத்தொன்றாவதைப் பார்க்கிறேன். மாமிக்கு வாய் மட்டும் எள்ளளவும் முறியவில்லை. “நர்ஸு மருமக கிடைச்சிருக்கா, ஊசி போடுத மாதிரியேதான் சோறும் ஊட்டுதா” என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்கிறார்.

நீ கல்லூரிக்குப் போகிற அழகைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. போ, படி. வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜூன் என்றால் ஜூன்தான். அதுவரை ஒரு ஆயாவை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

நேற்று மனசு கேட்காமல் பிஸ்கட் டப்பாவைத் திறந்து உன் பழைய கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்னத்தாய் முதல் முதலாகத் தன் பேரை எழுதிவிட்டு, “இம்புட்டுதானா நான்?” என்று கேட்டாளே, அதை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது.

மருந்து மாத்திரை இல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
இன்பமணி அக்கா

*

பாளையங்கோட்டை
3 நவம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அவ்விடத்து நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறேன். மாமி சாய்ந்து உட்கார ஆரம்பித்தார்களா?

வகுப்பு தொடங்கிவிட்டது. வண்ணார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் நடக்கிறது. கீழே பஸ் ஹாரன் அடித்தால் பாடம் நிற்கும். ஹாரன் நின்றால் பாடம் தொடரும். இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். எங்களுக்குப் பாடம் எடுப்பவர் பாகீரதி மேடம். கல்லிடைக்குறிச்சிக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி முடித்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் பஸ் ஏறுகிறேன்.

முதல் வாரமே, “நீங்க வேலைக்குப் போட்ட பழைய விண்ணப்பத்தோட நகல் இருந்தா எடுத்துட்டு வாங்க” என்றார். கொண்டுபோனோம். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் விரலை வைத்தார். ‘முன் அனுபவம்’ என்ற இடம். இருபத்திரண்டு தாளில் பத்தொன்பதில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. என் தாளிலும்தான்.

வண்ணார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அம்மையப்பன் அண்ணாச்சியும் எங்களோடு படிக்கிறார். அவரை எழுப்பிக் கேட்டார்.

“அண்ணாச்சி, தொண்ணூத்தொண்ணுல இருந்து தொண்ணூத்திமூணு வரைக்கும் என்ன செஞ்சீங்க?”

“சும்மாதான் இருந்தேன் மேடம். சாயந்தரமானா அறிவொளி நாடகம் போடப் போவோம்.”

“எத்தனை ஊர்ல போட்டீங்க?”

“ஒரு அறுவது ஊரு இருக்கும்.”

“அறுபது ஊர்ல ஆளக் கூட்டி, மேடைக்கு எடம் பிடிச்சு, தலைவர்மாரைச் சமாதானம் பண்ணி, சண்டை வராம நடத்தியிருக்கீங்க. இது சும்மாவா?”

“துட்டு வாங்கலையே மேடம். துட்டு வாங்காத வேல சும்மாதான?”

எல்லாரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. “உங்களைத் தேர்வு செய்யறவருக்கு நீங்க துட்டு வாங்கினீங்களாங்கறது முக்கியமில்லை. என்ன செய்யத் தெரியும்ங்கறதுதான் முக்கியம். தெரிஞ்சதை நீங்களே இல்லைன்னு எழுதினா அவர் எப்படி உண்டுன்னு நினைப்பார்?” என்றார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஊழியத்தை வாயால் சொன்னால் அதன் பலனை இங்கேயே வாங்கிவிட்டோம் என்று அப்பா சொல்வாரே. அதனால்தான் எழுதவில்லை. மற்றவர்கள் ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காரணம் அதுதான்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் அன்பு,
பெர்சிஸ்

*

பிலாய்
1 டிசம்பர் 1996

அன்புள்ள பெர்சிஸ்,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாமிக்கு இடுப்பு வலி கூடியிருக்கிறது. எனக்கும் முழங்கால் வலி. மற்றபடி தேவன் காக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? தனியாகப் பஸ்ஸில் அலைகிறாயே.

உன் மேடம் சொல்வது உலகத்துக்குச் சரி. ஆனால் அப்பா சொன்னதையும் யோசி. நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர், இத்தனை வீடு போனேன், இத்தனை பேருக்கு ஜெபித்தேன் என்று ஒரு நாளாவது யாரிடமாவது சொன்னாரா? ஒரு வேலைக்காக அந்தப் பீடித் தெருப் பெண்களை நீ எண்ணிக்கையாக எழுதவேண்டுமா? அது உன் சுபாவமில்லை. நான் உன்னை வளர்த்தவள், எனக்குத் தெரியும்.

வந்த ஆயா பத்தே நாளில் நின்றுவிட்டாள். மாமி அவளை என்ன சொன்னார் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. பாஷை தெரியாமலே அழ வைத்திருக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு புடவை அனுப்புகிறேன். அடுத்த கிறிஸ்துமஸ் நாம் சேர்ந்தே கொண்டாடுவோம்.

உன் அக்கா,
இன்பமணி

*

பாளையங்கோட்டை
12 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

புதிய வருஷத்தில் உங்கள் எல்லாருக்கும் நல்ல சுகம் கிடைக்க வேண்டுகிறேன். புடவையைக் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனேன். நிறம் எனக்கு எடுப்பாக இருப்பதாக நாலு பேர் சொன்னார்கள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் நிறைய யோசித்தேன். அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவருடைய நாட்குறிப்புகள் முப்பத்தெட்டு இருக்கின்றன. இன்ன தேதி, இன்ன வீடு, யாருக்குச் சுகமில்லை, யார் சபைக்கு வரவில்லை, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் குருவானவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்பா சொல்லாமல் இருந்தாரே தவிர, எழுதாமல் இருக்கவில்லை அக்கா. அதைப் பார்த்த பிறகு எனக்கு உறுத்தல் போய்விட்டது.

படிப்பில் ஒரு பயிற்சி. நாங்கள் தொண்டராக இருந்தபோது பட்ட ஒரு சிக்கலையும் அதை எப்படித் தீர்த்தோம் என்பதையும் எழுத வேண்டும். நான் சுளவைப் பற்றி எழுதினேன். பீடிப் பெண்கள் மடியில் எப்போதும் சுளவு இருக்கும், அந்த முறத்தில்தான் இலையும் தூளும் இருக்கும். சிலேட்டைக் கையில் கொடுத்தால் அன்றைய பீடி குறையும், அடுத்த நாள் வரமாட்டார்கள். முதல் மாதம் முழுக்க இப்படித்தான் ஆள் குறைந்துகொண்டே போனது. பிறகுதான் கவனித்தேன். அவர்கள் கை பார்க்காமலே சுற்றுகிறது. கண் சும்மாதான் இருக்கிறது. அட்டையில் பெரிய எழுத்தாக எழுதி, துணி மாட்டுகிற கிளிப்பால் சுளவின் விளிம்பில் மாட்டிவிட்டேன். வாசிப்பு முதலில், எழுத்துப் பழக்கம் பீடிக் கடை விடுமுறை நாளில் மட்டும். இதைப் படித்துவிட்டுப் பாகீரதி மேடம், “இதுக்குப் பேரு பாடத்திட்டம். நாங்க படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை நீங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டீங்க” என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். ஒரு அறக்கட்டளை, உழைக்கும் பெண்களுக்காகத் தொடர்கல்வி மையம் ஒன்று திறக்கிறது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். இந்தச் சான்றிதழ்ப் படிப்பும் (முடிக்கிற நிலையில் இருந்தாலும் போதும்), மூன்று வருஷமாவது களத்தில் வேலை செய்ததற்குத் தேதியோடு கூடிய சான்றும் கேட்கிறார்கள். ஜூன் முதல் தேதியில் வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேர வேண்டும். எனக்கென்றே எழுதினது போல் இருக்கிறது. ஆனால் சான்றுக்கு எங்கே போக? இயக்கம் முடிந்ததும் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள். பதிவேடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

தெருப் பெண்களிடம் கேட்டேன். அது ஒரு பெரிய பஞ்சாயத்தாக முடிந்தது.

அன்னத்தாய் சொன்னாள்: “எம் மூத்தவ சமஞ்ச வருசம் நீ வந்த. இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ள.”

ஜமீலா பீவி, “இல்லட்டி. ஆத்துல வெள்ளம் வந்து பாலமே முங்குச்சே, அதுக்கு முந்தின நோம்புக்கே டீச்சர் வந்தாச்சு” என்றாள்.

“எந்தத் தேதின்னு சொல்லுங்க” என்றேன்.

“இது என்ன கலியாணப் பத்திரிகையா, தேதி கேக்குதாவ? வந்தா, இருந்தா, இன்னும் இருக்கான்னு எழுதிக் குடுளா” என்று ஜமீலாவிடம் சொன்னாள் அன்னத்தாய்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தோன்றியது. வகுப்பில் நடந்ததையெல்லாம் நான் உனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஒன்றாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது, அஞ்சல் முத்திரை இருக்கிறது. மேடத்திடம் கேட்டேன். “அதைவிட நல்ல சான்று எது? வேலைக்காக எழுதினது இல்லையே” என்றார்.

அக்கா, அந்தக் கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிவை. மார்ச் நடுவில் கிடைத்தால்கூடப் போதும். என் ஜூன் மாதம் உன் டப்பாவில்தான் இருக்கிறது.

காத்திருக்கும்,
பெர்சிஸ்

*

பிலாய்
23 பிப்ரவரி 1997

அன்புள்ள பெர்சிஸுக்கு,

சுகமாயிருக்கிறாயா? நாங்கள் இருக்கிறோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டியூட்டி அதிகம்.

கடிதங்களைத் தேடினேன். கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸ் மாறியபோது பழைய காகிதத்தோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் வருத்தந்தான்.

மாமி உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஜூன் ஐந்தாம் தேதிக்கு டிக்கெட் போடும்படி உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கென்று பின்பக்கத்து அறையை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு வேப்பமரம் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்பமணி

*

பாளையங்கோட்டை
4 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சுகமாயிருப்பதில் சந்தோஷம். எழுத்து சாய்ந்து சாய்ந்து இருந்தது. நிற்காமல் டியூட்டி பார்க்காதே.

கடிதங்களைப் பற்றிக் கவலைப்படாதே. போனது போனதுதான். நான் வேறு வழி செய்துகொண்டிருக்கிறேன். நேற்று தெருவில் விஷயத்தைச் சொன்னேன். அன்னத்தாய் சுளவை இறக்கி வைத்துவிட்டு, “தாளு கொண்டா. நாங்க எழுதித் தாரோம்” என்றாள். பதினான்கு பேரும் சேர்ந்து தங்கள் கையாலேயே எழுதினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ‘பெர்சிசு டீச்சர் எங்களுக்குப் படிக்கக் குடுத்தாக. பசு நம்பர் பாத்து ஏறுதோம். இனிமே கைநாட்டு வைக்கமாட்டோம்’ என்று இருக்கிறது. பஸ் பசுவாகியிருந்தும் ஒரு எழுத்தையும் நான் திருத்தவில்லை. அதில் தேதி கிடையாது. அது போதாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்து அனுப்புவேன்.

வேப்பமரம் தெரியும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அத்தானிடம் டிக்கெட் போடச் சொல்.

மாமிக்கு என் அன்பு.

பெர்சிஸ்

*

பிலாய்
9 மார்ச் 1997

(அஞ்சலட்டை)

சிரஞ்சீவி பெர்சிஸுக்கு இஸ்ரவேல் அத்தான் எழுதுவது. இங்கு யாவரும் நலம். முன்பதிவுத் தாளில் வயது எழுத வேண்டும். உனக்கு 34-ஆ, 35-ஆ? உடனே தெரிவி. மேலும் ஒன்று. உங்கள் இருவருக்குள் ஏதாவது மனத்தாங்கலா? உன் அக்கா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. டியூட்டி முடிந்து வந்ததும் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். நீயாவது இரண்டு வரி ஆறுதலாக எழுது.

*

பாளையங்கோட்டை
16 மார்ச் 1997

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன் பத்தொன்பது வரைக்கும் எனக்கு 34தான். அப்படியே எழுதுங்கள்.

எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அக்காவுக்கு அலுப்பு, அவ்வளவுதான். பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்தவள் நான், அந்த அலுப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தனியாக ஒருத்தியால் முடியாது. யாராவது கேட்கமாட்டார்களா என்றிருக்கும், கேட்டால் கோபமும் வரும். வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் மாமிக்கு ஊட்டுங்கள், அக்கா வெளியே போய்வரட்டும்.

நீங்கள் எனக்கு எழுதியதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். டப்பாவைப் பற்றியும் கேட்க வேண்டாம்.

தங்கள் அன்பு,
பெர்சிஸ்

*

பிலாய்
17 மார்ச் 1997

(பதிவுத் தபால்)

அன்புள்ள பெர்சிஸ்,

சுகந்தானே? நான் சுகம். இன்று மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

உன் பழைய கடிதங்கள் கிடைத்துவிட்டன. மொத்தம் அறுபத்துமூன்று. தேதி வரிசைப்படி அடுக்கி, உறையும் கடிதமும் பிரியாமல் தைத்திருக்கிறேன். வேலை கொடுப்பவர்களுக்கு இத்தனையையும் படிக்க நேரமிருக்காது. அதனால் மூன்று நாள் லீவு போட்டு உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டேன். எங்கள் வார்டில் நோயாளிக்குப் போடுகிற சார்ட் மாதிரியே கோடு இழுத்திருக்கிறேன். தேதி, வந்தவர்கள் எத்தனை பேர், என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று நீ நினைத்தாய், இப்படி நாலு பத்தி. 1991 அக்டோபரிலிருந்து போன ஆகஸ்டு வரைக்கும் வருகிறது. யாரும் வராத நாளுக்குப் பூஜ்யம் என்றே போட்டிருக்கிறேன். சார்ட்டில் பொய் எழுதக்கூடாது என்பது எங்கள் முதல் பாடம்.

ஒவ்வொன்றாகப் படித்து எழுதும்போதுதான் நீ என்ன செய்திருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் அவற்றை நான் கதை மாதிரிப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உதாரணமாக, பரமக்குடிக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பி, எட்டு மாதம் தபாலிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மீன் விலைக்குப் போய்விட்டாய்.

ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அப்பா போன வாரம் நீ எழுதினது. அதில் வகுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. அது எனக்கு எழுதினது.

கடைசித் தேதிக்கு முன்னால் நேரில் கொண்டுபோய்க் கொடு. தபாலை நம்பாதே.

உன் அக்கா

*

பாளையங்கோட்டை
14 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் நன்றாக வைத்திருக்கட்டும். மாமி வாக்கரைப் பிடித்து நிற்கிறார்கள் என்று அத்தான் எழுதியிருந்தார். நல்ல செய்தி. நானும் சுகம்.

சான்றிதழ் போன மாதமே கையில் கிடைத்தது. அம்மையப்பன் அண்ணாச்சிக்குக் கங்கைகொண்டான் பக்கத்து மில் ஒன்றில், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துகிற உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. நேர்முகத்தில் ஒரு நாடகமே நடித்துக் காட்டினாராம். “துட்டு வாங்குதது ஒரு மாதிரி கூச்சமாத்தான் இருக்கு தங்கச்சி, பழகிக்கிடுவேன்” என்கிறார்.

எனக்குச் சனிக்கிழமை நேர்முகம் நடந்தது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர், ஓய்வு பெற்ற அதிகாரி போலிருக்கிறது, உன் அட்டவணையை வரி வரியாகப் பார்த்தார். பிறகு 1992 நவம்பர் கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தார். வெள்ளம் வந்த அந்த மாதம். ‘மூன்று நாளாக ஒருவரும் வரவில்லை. நான் மட்டும் போய் விளக்கை ஏற்றி, ஏழு மணிவரை இருந்துவிட்டு வந்தேன்’ என்று எழுதியிருந்தேன்.

“ஆள் வராத நாளையும் எழுதியிருக்கீய. அதனாலதான் வந்த நாள நம்புதேன்” என்றார்.

பக்கத்தில் இருந்த அம்மா, “இந்த அட்டவணை யாரு போட்டது?” என்று கேட்டார்.

“எங்க அக்கா. பிலாயில நர்ஸா இருக்காவ.”

“நீங்க இந்த வேலைக்கு வரதுல அவங்களுக்குச் சம்மதமா?”

“சம்மதம்” என்றேன்.

பீடிப் பெண்கள் எழுதிய தாளையும் பார்த்தார்கள். அதைக் கோப்பில் வைக்காமல், மையத்துச் சுவரில் மாட்டவேண்டும் என்று அந்த அம்மா தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். நேற்று உத்தரவு வந்துவிட்டது அக்கா. ஜூலை முதல் தேதி வேலையில் சேர வேண்டும்.

தெருவில் போய்ச் சொன்னேன். அன்னத்தாய், “அப்ப இனிமே நீ சும்மா வரமாட்டியோ?” என்றாள். சும்மாவும் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது இரண்டு தேதி எழுதுகிறேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன், நீ சேர்த்தே படிக்க வேண்டும். அத்தான் போட்ட டிக்கெட்டிலேயே ஜூன் ஐந்தாம் தேதி நான் புறப்பட்டு வருகிறேன். ஜூன் இருபத்தேழாம் தேதி அங்கிருந்து திரும்புகிறேன். திரும்புகிற டிக்கெட்டை நான் எடுத்துவிட்டேன். அந்த நாட்களில் மாமியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு. நல்ல ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, மாமியோடு பழக்கிவிட்டுத்தான் வருவேன். பதினோரு வருஷம் பார்த்தவளுக்கு ஆள் பழக்கத் தெரியும். இதுவும் என் அனுபவந்தான், ஆனால் எந்த விண்ணப்பத்திலும் எழுதமாட்டேன்.

உன் தங்கை,
பெர்சிஸ்

*

பிலாய்
23 மே 1997

என் அன்பான பெர்சிஸுக்கு,

கடிதம் வந்தது. முதலில் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் அத்தான் லட்டு வாங்கி வந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியாது. எனக்கும் உடம்பு பரவாயில்லை. இப்போதெல்லாம் ஞாயிறன்று அவரே மாமிக்கு ஊட்டுகிறார், நான் கோயிலுக்குப் போய் முழு ஆராதனையும் இருந்துவிட்டு வருகிறேன். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

மாமியிடம் இரண்டு தேதியையும் சொல்லிவிட்டேன். “அப்ப இருவது நாளுல நான் எந்திரிச்சு நடக்கணும்னு கெடு வச்சிட்டாளா, ஒந் தங்கச்சி? வரட்டும், பாத்துக்கிடுதேன்” என்றார். நேற்றிலிருந்து காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. கேட்டால் ஜன்னல் பக்கம் காற்று வாங்கப் போவதாகச் சொல்கிறார்.

வரும்போது அல்வா வேண்டாம், உருகிவிடும். கருப்பட்டி மட்டும் கொண்டுவா. வழியில் குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துக்கொள். துர்க் ஸ்டேஷனுக்கு நானே வருவேன், அன்றைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

கடிதங்கள் எங்கே கிடைத்தன என்று நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்பாய் என்று நான் இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்த பிறகு அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன். இதில் எழுதினால் நீ அதையும் பத்திரமாக வைத்துவிடுவாய்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
இன்பமணி அக்கா